'காவேரி ஃபால்ஸ்' என்றால் ஒகேனக்கல் இல்லை: தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பழைய படக் கார்டுகளைச் சேர்க்கத் தொடங்குவோருக்கு

நான் காசு கொடுத்து வாங்கிய முதல் பழைய படக் கார்டில் இருந்தது ஓர் அருவி. கீழே ஆங்கிலத்தில் 'காவேரி ஃபால்ஸ்' என்று பொடி எழுத்து. பெங்களூரு அவென்யூ ரோட்டில் பழைய புத்தகங்களுக்கு நடுவே கிடந்தது. காவிரியில் அருவி என்றால் தர்மபுரிக்காரனுக்கு வேறு எது ஞாபகம் வரும்? கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் பெரியப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அட்டையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இது எங்கடா ஒகேனக்கல்? சிவசமுத்திரம். நம்ம ஊர்ல தண்ணி இப்படி மலை மேல இருந்தா இறங்குது? பாறைக்குள்ள பூந்துல்ல ஓடும்!"

அன்றைக்குப் பட்ட வெட்கம்தான் என்னை ஒழுங்காகப் பார்க்க வைத்தது. இப்போது யாராவது புதிதாக இந்தப் பழக்கத்துக்குள் வந்து, "நம்ம மாவட்டத்துக் கார்டு எங்கே கிடைக்கும்?" என்று கேட்டால், கிடைக்கும் இடத்தை நான் முதலில் சொல்வதில்லை. வாங்குவதற்கு முன்னால் பார்க்கப் பழகுங்கள் என்பேன். படத்தின் கீழே அச்சிட்டிருக்கும் பெயரை நம்பாதீர்கள். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். ஊட்டி, மாமல்லபுரம், மதுரை என்றால் பெட்டி பெட்டியாகக் கிடைக்கும். நம் பக்கத்துக் கார்டு அப்படிக் கிடைக்காது. வெள்ளைக்காரன் கோடைக்கு மலை ஏறிய ஊரில்லை இது. பெங்களூருக்கும் சேலத்துக்கும் நடுவே கடந்துபோன ஊர். அதனால் 'அழகிய காட்சி' என்று வரையறுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆல்பத்தில் பத்துப் பக்கம் நிரம்பாது. கோட்டை, அருவி, அணை இவற்றோடு சாலையோரம், பாலம், பயணியர் விடுதி, ஸ்டூடியோக்காரர் எடுத்த ஊர்ப்படம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், எதைத் தேடுகிறோம்

'போஸ்ட் கார்டு' என்றதும் மஞ்சள் தபால் கார்டு நினைவுக்கு வரும். இந்தியாவில் அது 1879 ஜூலை 1 அன்று கால் அணாவுக்கு வந்தது. நாம் தேடுவது படக் கார்டு. கடைக்காரர்கள் 'வியூ கார்டு' என்பார்கள், அந்தப் பெயரிலேயே கேளுங்கள்.

கையில் சிக்குபவை மூன்று தினுசு. மூத்தது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கடைகள் போட்ட அச்சுக் கார்டு. சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர், வீலே அண்ட் க்ளைன் ஸ்டூடியோ, பெங்களூரில் பார்ட்டன் ஸ்டூடியோ என்று பின்பக்கத்திலோ ஓரத்திலோ பெயர் இருக்கும். அந்தக் காலத்துக் கார்டுகள் பல ஜெர்மனியில் அச்சாகிக் கப்பலில் வந்தவை. 'சாக்ஸனியில் அச்சிடப்பட்டது' என்று ஆங்கிலத்தில் பொடியாகப் போட்டிருந்தால் பெரும்பாலும் முதல் உலகப் போருக்கு முந்தியது என்று எடுத்துக்கொள்ளலாம். இந்தத் தினுசில் நம் பகுதிக் கார்டு அபூர்வம்.

கடைசித் தினுசு, எழுபது எண்பதுகளின் ஆஃப்செட் வண்ணக் கார்டு. வானம் தேவைக்கு மேல் நீலமாக இருக்கும், புல் கிளிப்பச்சையில் இருக்கும். சேகரிப்பாளர்கள் பலர் இதைச் சீண்டுவதில்லை. அது தவறு. ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணை இரண்டும் சுற்றுலா இடமாக வளர்ந்த கதை இந்தக் கார்டுகளில்தான் இருக்கிறது. இன்னும் விலையும் ஏறவில்லை.

நடுத் தினுசுதான் நமக்குப் பொக்கிஷம். ஊர் ஸ்டூடியோக்காரர் தாமே போய் எடுத்து, பின்பக்கம் 'போஸ்ட் கார்டு' என்று அச்சிட்ட, புரோமைடு எனும் புகைப்படத் தாளில் கழுவிப் பிரதி எடுத்தது. சிலவற்றுக்கு ஓரம் பல்லுப் பல்லாக வெட்டியிருக்கும். இருபது முப்பது பிரதிக்கு மேல் போட்டிருக்கமாட்டார்கள். எந்தப் பட்டியலிலும் இராது. அதைத் தேடிப் போவதுதான் இந்தப் பழக்கத்தின் ருசியே.

நாலாவதாக ஓர் ஓரத்து வகையும் உண்டு, மிஷன் கார்டு. கோவிலூர், எலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் நம் பக்கம் இருப்பது தெரியும். பாரிஸ் அயல்நாட்டு வேதபோதக சபையின் குருக்கள் இங்கே வேலை செய்தவர்கள். 1930இல் சேலம் மறைமாவட்டம் பிரிக்கப்பட்டபோது அவர்கள் பொறுப்பில்தான் விடப்பட்டது. இப்படிப்பட்ட சபைகள் பிரான்சில் நன்கொடை திரட்டப் படக் கார்டு விற்றன. அதனால் நம் ஊர்த் தெரு ஒன்று பிரெஞ்சுக் கிழவி ஒருத்தியின் அலமாரியில் இருக்க வாய்ப்புண்டு. பிரெஞ்சு விற்பனைத் தளங்களில் 'சேலம்', 'மைசூர்', 'மிஷன்' என்ற சொற்களைப் போட்டுப் பாருங்கள்.

பழைய பெயர்களைப் பாடம் பண்ணுங்கள்

தேடுபொறியில் இன்றைய பெயரைப் போட்டுவிட்டு "ஒன்றுமே இல்லை" என்று கைவிடுபவர்கள்தான் அதிகம். அந்தக் கார்டு அச்சானபோது தர்மபுரி மாவட்டம் என்ற ஒன்றே கிடையாது. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் ஜில்லா. அதற்கும் முன்னால் 'பாராமகால்'. திப்பு சுல்தானிடமிருந்து 1792இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் கைக்கு வந்தபோது இந்தச் சீமைக்கு அந்தப் பெயர்தான். பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ அப்போது இங்கே வரிவசூல் அதிகாரியாக இருந்தார்.

ஆங்கில எழுத்துக்கூட்டல் அவரவர் காதில் விழுந்தபடி. கிருஷ்ணகிரியைக் 'கிஸ்ட்னகெர்ரி' என்றும், இராயக்கோட்டையை 'ரியாகோட்டா' என்றும், ஓசூரை 'ஊசூர்' என்றும், தேன்கனிக்கோட்டையை 'டெங்கனிக்கோட்டா' என்றும் எழுதினார்கள். ஒகேனக்கல்லுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் உண்டோ அத்தனையையும் போட்டுப் பார்க்க வேண்டும். கன்னடத்தில் 'ஹொகெ' புகை, 'கல்' பாறை. அந்த 'ஹொ'வை ஒருவர் வைப்பார், ஒருவர் விடுவார். ஒரு 'க்' கூடும், குறையும். இந்த எழுத்துக்கூட்டல்களை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை வரிசையாகத் தட்டிப் பாருங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் 1792இல் இந்தப் பக்கம் வந்து இராயக்கோட்டை, ஓசூர், ஜகதேவி போன்ற இடங்களை வரைந்தார்கள். அவற்றின் அச்சுப் பிரதிகளைக் கார்டு அளவுக்கு வெட்டி 'பழைய போஸ்ட் கார்டு' என்று விற்பவர்கள் உண்டு. பார்க்க அழகாக இருக்கும். அழகுக்காக வேண்டுமானால் வாங்குங்கள், கார்டு என்று நினைத்து வாங்காதீர்கள். பின்பக்கம் முகவரிக் கோடு, தபால்தலைக் கட்டம் எதுவும் இல்லாமல் வெறுமையாக இருந்தால் கேள்வி கேளுங்கள்.

ஆள் மாறாட்டம்

எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்க வேண்டாம்.

கர்நாடகத்துச் சிவசமுத்திரத்தில் 1902இல் மின்சாரம் எடுத்துக் கோலார் தங்கவயலுக்குக் கம்பி இழுத்தார்கள். அப்போதிருந்தே அது பேர்பெற்ற இடம், அதனால் கார்டும் ஏராளம். பழைய கார்டில் வெறுமனே 'காவேரி ஃபால்ஸ்' என்று இருந்தால் பத்துக்கு ஒன்பது அதுதான். அங்கே அருவி மலைச்சரிவு முழுக்க விரிந்து, பல கால்களாக இறங்கும். ஒகேனக்கல்லில் ஆறே பாறைப் பிளவுக்குள் விழும். இரண்டு பக்கமும் சுவர் மாதிரி கல், நடுவில் இடுக்கு, அந்த இடுக்கில் பரிசல். பரிசல் தெரிந்தால் ஒகேனக்கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பரிசல் காவிரி நெடுகிலும் உண்டு. அதனால் பாறையைத்தான் பார்க்க வேண்டும். மெயின் அருவி, சினி ஃபால்ஸ், ஐந்தருவி மூன்றையும் நேரில் பார்த்துச் செல்போனில் நாலைந்து கோணத்தில் எடுத்து வைத்துக்கொண்டால், கார்டில் இருப்பது எது என்று பொருத்திப் பார்க்க எளிது.

அணையிலும் இதே வம்பு. நம்முடையது கே.ஆர்.பி. அணை, அதாவது கிருஷ்ணகிரி அணை, தென்பெண்ணையில், 1957இல் திறந்தது. மைசூர்ப் பக்கம் இருப்பது கே.ஆர்.எஸ்., அதாவது கிருஷ்ணராஜசாகர், காவிரியில், பிருந்தாவனத் தோட்டத்தோடு. இணையத்தில் விற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். நீண்ட கல்சுவரும் நீரூற்றும் விளக்கும் இருந்தால் அது மைசூர். மண்கரையும் நடுவே எட்டு மதகுகளும் இருந்தால் நம் ஊர். 2017 நவம்பரில் முதல் மதகு உடைந்து தண்ணீர் வீணாய்ப் போனது நினைவிருக்கும். அந்தப் பழைய மதகு தெளிவாகத் தெரியும் கார்டு கிடைத்தால் வண்ணக் கார்டுதானே என்று விட்டுவிடாதீர்கள்.

'தர்மபுரி' என்றே அச்சிட்டிருந்தாலும் பொறுங்கள். தெலங்கானாவில் கோதாவரிக் கரையில் நரசிம்மர் கோயிலோடு இன்னொரு தர்மபுரி இருக்கிறது. படித்துறையும் அகன்ற ஆறும் தெரிந்தால் அது அவர்களுடையது. நம் தர்மபுரியில் ஆறு எங்கே இருக்கிறது?

பின்பக்கத்தைப் படிப்பது

படத்தைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பின்பக்கத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

பின்பக்கம் முழுவதும் முகவரிக்கு மட்டும் விட்டிருந்து, செய்தியைப் படத்தின் ஓரத்தில் இடுக்கி இடுக்கி எழுதியிருந்தால் மிகப் பழையது. நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் செய்தி, ஒரு பக்கம் முகவரி என்கிற அமைப்பு பிரிட்டனில் 1902இல் வந்தது. மற்ற நாடுகள் அடுத்த சில ஆண்டுகளில் பின்பற்றின.

தபால்தலை இருந்தால் அரசர் முகம் சொல்லும். ஏழாம் எட்வர்டு 1911க்குள் முடிந்துவிடுவார், அடுத்து ஐந்தாம் ஜார்ஜ், பிறகு ஆறாம் ஜார்ஜ். கால் அணாவில் போய்க்கொண்டிருந்த கார்டு 1922இல் அரை அணா ஆனது. அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1. 'நயா' உதிர்ந்து வெறும் பைசா ஆனது 1964.

தபால்தலை உரிக்கப்பட்டிருக்கிறதா? பல கார்டுகளில் அப்படித்தான் இருக்கும், பள்ளிக்கூடத்துப் பையன்கள் தபால்தலை சேர்த்த காலம் அது. கவலை வேண்டாம், அச்சிட்ட எழுத்தைப் பாருங்கள்.

'சேலம் ஜில்லா' என்றால் 1965க்கு முன் அச்சுக்கோத்தது. 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969 ஜனவரி 14க்கு முன், அன்றுதான் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. கிருஷ்ணகிரிக் கோட்டைப் படத்துக்குக் கீழே 'தர்மபுரி மாவட்டம்' என்று இருந்தால் 1965க்கும் 2004 பிப்ரவரி 9க்கும் இடைப்பட்டது, அன்று கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. கடை முகவரியில் ஆறு இலக்க அஞ்சல் எண் இருந்தால் 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. 635001 கிருஷ்ணகிரி, 635109 ஓசூர், 636701 தர்மபுரி.

ஒரே ஒரு தடயத்தை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அச்சகக்காரர்கள் செலவு மிச்சம் பிடிக்கப் பழைய அச்சுப் பிளாக்கையே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். மாவட்டம் பிரிந்து எத்தனையோ வருடம் கழித்தும் பழைய மாவட்டப் பெயரோடு கார்டு விற்றிருக்கிறது.

எழுதியவரின் தேதி இன்னும் சுவையானது. பெரியவர்கள் ஆங்கிலத் தேதி போடாமல் தமிழ் வருஷமும் மாதமும் போடுவார்கள். என்னிடம் ஒரு புரோமைடு கார்டு இருக்கிறது. பென்னாகரம் முத்திரை, ஆனால் முத்திரையில் வருடம் மை கலைந்துபோயிருக்கிறது. பின்னால் இப்படி இருக்கிறது: "குரோதி வருஷம் ஆடி மாசம். உபயகுசலோபரி. பதினெட்டுக்கு ஒகேனக்கல் வந்து தலை முழுகினோம். தண்ணீர் அதிகம். அம்மாவுக்குக் கால் வலி தேவலை. செவலை கன்று போட்டதா, பதில் போடவும்." குரோதி அறுபது வருடத்துக்கு ஒருமுறைதான் வரும்: 1904, 1964, 2024. தபால்தலை பைசாவில் இருந்தது. ஆக 1964 ஆடிப்பெருக்கு. செவலை கன்று போட்டதா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது.

அறுபது வருடப் பெயர்ப் பட்டியல் பஞ்சாங்கத்திலேயே இருக்கும். அதைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கார்டுகளில் தெலுங்கும் கன்னடமும் வரும், கிருஷ்ணகிரியில் உருதும் வரும். படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரைப் பிடித்து வையுங்கள். டீ வாங்கிக் கொடுத்தால் சந்தோஷமாகப் படித்துச் சொல்வார்கள்.

எங்கே போவது

மூடப் போகிற ஸ்டூடியோக்கள்தான் முதல் இடம். பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மாடிப்படி ஏறிப் போகிற பழைய கடைகள். உள்ளே போனதும் "பழைய போட்டோ விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். முதலில் ஒரு பாஸ்போர்ட் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வருடத்துக்கு நாலு தடவை பாஸ்போர்ட் படம் தேவைப்படும்! பில் போடும்போது பேச்சை எடுங்கள்.

"அப்பா காலத்துல ஊர்ப்படம் எல்லாம் எடுத்து வித்திருப்பாருங்களே?"

"எடுத்தாருங்க. மலை, டேமு, கோயிலு எல்லாம். அதையெல்லாம் இப்ப யாருங்க கேக்கறாங்க?"

"நான் கேக்கறேங்க."

இப்படித்தான் ஒருமுறை பரணிலிருந்து பிஸ்கட் டின் ஒன்று இறங்கியது. டின்னில் கார்டு இல்லை, நெகட்டிவ் இருந்தது. நெகட்டிவைக் கேட்காதீர்கள், அது அவர்கள் குடும்பத்துச் சொத்து. பிரதி போட்டுத் தர முடியுமா என்று கேளுங்கள், காசு கொடுங்கள், பின்னால் இன்ன வருடம் போட்ட புதுப் பிரதி என்று எழுதி வாங்குங்கள். நாளைக்கு உங்கள் பேரன் அதைப் பழைய கார்டு என்று விற்றுவிடக் கூடாது.

ஒகேனக்கல்லில் பெட்டிக்கடைகள். சங்கு, வளையல், மீன் மசாலாவுக்குப் பின்னால், கல்லாவுக்கு அடியில் விற்காத கார்டுக் கட்டு சில கடைகளில் இருக்கும். ஆடிப்பெருக்கு, பொங்கல் லீவில் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். வார நாள் காலையில் போங்கள்.

பழைய பேப்பர் கடையில் சொல்லி வையுங்கள். கடைக்காரரிடம் "போஸ்ட் கார்டு" என்று சொல்லாமல் ஒரு மாதிரிக் கார்டைக் காட்டுங்கள், அப்போதுதான் கண்ணில் தங்கும். எடைக்கு வாங்கியதை ஒரு கார்டு இவ்வளவு என்று கொடுத்தால் அடுத்த தடவை அவரே போன் செய்வார்.

சொந்தக்காரர் வீட்டு டிரங்குப் பெட்டியை மறக்காதீர்கள். அந்தக் காலத்தில் வந்த கடிதங்களை வளைந்த கம்பியில் குத்தி வைப்பார்கள், அதனால் கார்டின் நடுவே ஒரு ஓட்டை இருக்கும். வெளியூர் வியாபாரி அதைக் குறை என்று தள்ளிவிடுவார். எனக்கு ஓட்டை இருந்தால் ஒரு நிம்மதி: இது ஒரு வீட்டில், ஒரு தூணில் தொங்கிய கார்டு.

வெளியூரில் பெங்களூரு அவென்யூ ரோடு, சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்துபோனது, அதற்குப் பிறகு அல்லிக்குளம் வளாகத்துக் கடைகள். தபால்துறையின் தனாபெக்ஸ் போன்ற தபால்தலைக் கண்காட்சிகளில் வியாபாரிகள் மேசை போடுவார்கள். அங்கே பெட்டிகள் மாநில வாரியாகப் பிரித்திருக்கும். 'மெட்ராஸ்' பெட்டியோடு 'மைசூர்' பெட்டியையும் புரட்டுங்கள், ஓசூர் பலமுறை அதில்தான் ஒளிந்திருக்கும்.

வாங்குவதற்கு முன் இரண்டு கருவி

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லூப் எனும் பூதக்கண்ணாடி ஒன்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி புள்ளியாக வரிசை தெரிந்தால் அச்சு. புள்ளியே இல்லாமல் நிறம் கரைந்து கரைந்து போனால் பெரும்பாலும் புரோமைடு. பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கும்போது நிழலான இடங்களில் வெள்ளி கண்ணாடி போல மினுங்கினால், அது பழைய புரோமைடுக்கே உரிய அடையாளம்.

இரண்டாவது, கடைகளில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கு டார்ச். வெளுப்பு கூட்டுகிற ரசாயனம் காகிதத்தில் சேர ஆரம்பித்தது ஏறக்குறைய 1950களில். இருட்டில் அட்டை மேல் அடித்தால் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால், '1910ஆம் வருடத்துக் கார்டு' என்று சொல்பவரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். ஒளிரவில்லை என்பதால் மட்டும் பழையது என்று அர்த்தமில்லை.

விலையைப் பற்றி நான் பெரிதாகச் சொல்வதற்கில்லை. வண்ணக் கார்டுக்கு ஒரு சாப்பாட்டுக் காசுக்கு மேல் கொடுக்காதீர்கள், புரோமைடுக்குக் கொஞ்சம் தாராளமாக இருங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவும் சுங்கமும் கார்டு விலையைத் தாண்டிவிடும்.

படம் எடுத்த இடத்தில் போய் நில்லுங்கள்

இந்த வேலை பிடித்துப்போனால் கார்டு வாங்குவது குறைந்துவிடும், ஊர் சுற்றுவது கூடிவிடும்.

கார்டை ஸ்கேன் செய்து (600 டி.பி.ஐ., இரண்டு பக்கமும்) செல்போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். அசல் வீட்டில் இருக்கட்டும். பிறகு படத்தில் கட்டடத்தைப் பார்க்காமல் அடிவானக் கோட்டைப் பாருங்கள். கட்டடம் இடியும், மரம் வெட்டுவார்கள், மலை அப்படியே நிற்கும். கிருஷ்ணகிரியில் சையத் பாஷா மலை, கோட்டை இருக்கும் அந்த மொட்டைப்பாறை, எந்தத் திசையிலிருந்து எந்த உருவத்தில் தெரியும் என்று பழகிவிட்டால் கார்டில் இருக்கும் தெருவைச் சுமாராக ஊகித்துவிடலாம். ஓசூரில் சந்திரசூடேஸ்வரர் மலையும் அதேபோல. தீர்த்தமலையை அரூர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரு முகம், மறுபக்கம் போனால் வேறு மலை மாதிரி.

மலை நிற்கும் என்று நான் சொன்னதில் ஒரு ஓட்டை உண்டு. கிரானைட் குவாரி. ஒரு கார்டில் மூன்று குன்று தெரிந்தது, நேரில் போனால் இரண்டரைதான் இருந்தது. அரை மணிநேரம் இடம் தவறிவிட்டேனோ என்று குழம்பிவிட்டு, டீக்கடையில் கேட்டபோதுதான் தெரிந்தது.

சாலைப் படத்துக்குப் புளியமரம் பாருங்கள். சேலம்–பெங்களூரு சாலையில் இருபுறமும் புளியமரம் கைகோத்து நின்ற காலம் இருந்தது. நாலுவழிச் சாலைக்காக வெட்டப்படும் வரை அந்த நிழலில்தான் பஸ் ஓடியது. தொப்பூர்க் கணவாய், அதியமான்கோட்டை, காவேரிப்பட்டணம், சூளகிரி என்று இந்த வழியில் எந்த இடத்துச் சாலைப்படம் கிடைத்தாலும் விடாதீர்கள். இன்றைக்கு நிற்க நிழலில்லாத இடம் எது, அன்றைக்குக் கட்டைவண்டி நிறுத்தித் தூங்கிய இடம் எது என்று கண்ணால் காட்டும் சாட்சி அவை மட்டும்தான்.

எனக்கு ஓர் ஆசை இருக்கிறது. 1906இல் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயில் விட்டார்கள், 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தையே பெயர்த்துவிட்டார்கள். அந்த ரயிலின் கார்டு ஒன்றை நான் இன்னும் பார்த்ததில்லை. யார் கண்ணிலாவது பட்டால் விலை கேட்காமல் வாங்கிவிடுங்கள், என்னிடம் காட்டினால் போதும்.

ஒகேனக்கல்லுக்குப் படம் பொருத்தப் போவதானால் ஆற்று நீரை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கனஅடி வருகிறது என்று காலைச் செய்தியில் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். தண்ணீர் கூடினால் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடுவார்கள். பழைய படக்காரர் நின்ற பாறையில் நிற்கிறேன் என்று வேலியைத் தாண்டாதீர்கள். வழுக்குப்பாறை அது. கொஞ்சம் தள்ளி நின்று எடுத்தாலும் பாறை அடையாளம் தெரியும்.

வைத்துக்கொள்வது

என் இரண்டாவது தவறு: கிடைத்த புரோமைடு ஒன்றை, பாழாகிவிடக் கூடாது என்று லாமினேஷன் போட்டேன். சூட்டில் படத்தின் மேல்பூச்சு இளகி, பின்பக்க மை படர்ந்து, கார்டு போயே போய்விட்டது. லாமினேஷன் வேண்டாம். பசை வேண்டாம். கல்யாண ஆல்பம் மாதிரி ஒட்டும் பக்கம் உள்ளதும் வேண்டாம், ஐந்து வருடத்தில் உரிக்க வராது. பாலிப்ரொப்பிலீன் உறை கேட்டு வாங்குங்கள். பிளாஸ்டிக் வாசம் குப்பென்று அடிக்கிற உறை என்றால் பி.வி.சி., கார்டில் ஒட்டிக்கொள்ளும்.

நம் ஊர் வெயிலுக்குப் பூஞ்சை குறைவு, கரையானும் வெள்ளிப்பூச்சியும்தான் எதிரி. தரையோடு ஒட்டிய அலமாரியும் மண்சுவரை ஒட்டிய பெட்டியும் ஆகாது. தகர டின்னில் சிலிகா பொட்டலம் போட்டு மேல்தட்டில் வையுங்கள். ஜன்னல் வெயில் படும் சுவரில் சட்டம் போட்டு மாட்ட ஆசை வந்தால் ஸ்கேன் பிரதியை மாட்டுங்கள்.

அடுக்குவதில் ஆளுக்கொரு வழி. வருடவாரியாக அடுக்குவது புத்தகம் சொல்லும் வழி. நான் சாலைவாரியாக அடுக்கியிருக்கிறேன். தொப்பூரில் தொடங்கி அதியமான்கோட்டை, தர்மபுரி, காவேரிப்பட்டணம், அணை, கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர். பென்னாகரம் வழியாக ஒகேனக்கல்லுக்கும், அரூர் வழியாகத் தீர்த்தமலைக்கும் கிளை பிரியும். ஆல்பத்தைப் புரட்டினால் பஸ்ஸில் போகிற மாதிரி இருக்கும். பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு, "நிப்பட் வாங்க எங்கடா நிக்குது?" என்றார். அந்த மொறுமொறு தட்டைக்காகக் காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பக்கம் விட்டு வைத்திருக்கிறேன்.

பதிவு நோட்டு கட்டாயம். கார்டின் மேல் பேனா படக் கூடாது. மூலையில் மெல்லிய பென்சிலில் எண் மட்டும், மற்றதெல்லாம் நோட்டில். எங்கே, யாரிடம், என்று, எவ்வளவுக்கு. படத்தில் என்ன தெரிகிறது. பின்னால் என்ன எழுதியிருக்கிறது, எழுத்துப் பிழையோடு அப்படியே. இடம் உறுதியா, ஊகமா. ஊகம் என்றால் எதனால். இணையத்தில் போடும்போது பெறுநர் பெயரையும் முகவரியையும் மறைத்துவிடுங்கள், அந்தக் குடும்பம் அதே தெருவில் இன்னும் இருக்கலாம்.

என் நோட்டின் முதல் வரி இப்படி இருக்கிறது: "1. சிவசமுத்திரம். (ஒகேனக்கல் இல்லை.) அவென்யூ ரோடு. அதிக விலை." அந்தக் கார்டையும் எறியவில்லை, ஆல்பத்தின் கடைசி உறையில் தலைகீழாகச் செருகியிருக்கிறேன்.